செப்டம்பர் 16: அம்மாவின் பிறந்த நாள் தாளில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

செந்தூல் மகள்:

வணக்கம். என் அம்மா 1963 செப்டம்பர் 16 அன்று பிறந்தவர், மலேசியா பிறந்த அதே நாள். அவருடைய அடையாள அட்டை எண் 630916 என்றுதான் தொடங்கும். எந்தக் கவுண்டரில் நீட்டினாலும் வாங்கிப் பார்ப்பவர்கள் ஒரு தடவை நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்ப்பார்கள், அம்மாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, பதினாறு வயதிலிருந்து பால்வெட்டி, தோட்டத்தை விற்ற பிறகு கோலாலம்பூருக்கு வந்தவர். தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிப்பார், "வரலாற்றில் இன்று" மாதிரி ஏதாவது வந்தால் எங்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவார்.

இந்த முறை விருந்து வீட்டிலேயே. அண்ணன் குடும்பம் பினாங்கிலிருந்து வருகிறது. சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டுகிற மாதிரி ஒரு பெரிய தாள் அச்சடித்து, செப்டம்பர் 16-ல் உலகத்தில் என்னென்ன நடந்தது, யார் பிறந்தார்கள், யார் மறைந்தார்கள் என்று போட ஆசை. தேட ஆரம்பித்தால் குவிந்துவிட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தது (1916), லீ குவான் யூ பிறந்தது (1923), மெக்சிகோவில் விடுதலைப் போர் தொடங்கியது (1810), பாப்புவா நியூ கினி சுதந்திரம் அடைந்தது (1975), இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறப் போனவர்களின் மேஃபிளவர் கப்பல் கிளம்பியது (1620), ஓசோன் ஒப்பந்தம் (1987), பாடகி மரியா காலஸ் மறைந்தது (1977), பெய்ரூட்டில் சாப்ரா, ஷாத்திலா பாலஸ்தீன அகதிகள் பகுதிகளில் படுகொலை தொடங்கியது (1982). இன்னும் ஐம்பது அறுபது இருக்கும்.

மேஃபிளவர் கிளம்பியதை ஓரிடத்தில் செப்டம்பர் 6 என்றும் இன்னோரிடத்தில் 16 என்றும் போட்டிருக்கிறார்கள், எது சரி? துயரமான சம்பவங்களைப் பிறந்த நாள் தாளில் போடலாமா? எல்லாவற்றையும் விட, இவ்வளவில் அம்மாவின் வாழ்க்கையோடு ஒட்டுகிறது எது? யாரோ எங்கேயோ பிறந்தார் என்று அறுபது வரி போட்டால் அம்மா மரியாதைக்காகப் படித்துவிட்டு எழுந்துவிடுவார். அது வேண்டாம்.

ஜார்ஜ்டவுன் வாத்தியார்:

மகளே, நல்ல காரியம் செய்கிறீர்கள். நான் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மேஃபிளவருக்கு இரண்டு தேதியும் சரி. அந்தக் காலத்தில் இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, அவர்கள் கணக்கில் கப்பல் பிளிமத்தை விட்டது செப்டம்பர் 6. நாம் இப்போது வைத்திருக்கும் கிரிகோரியன் கணக்குக்கு மாற்றினால் 10 நாள் கூடி 16 ஆகிவிடும். பிரிட்டன் 1752-ல்தான் புதிய கணக்குக்கு மாறியது, அந்த வருடம் செப்டம்பர் 2-க்கு மறுநாளே செப்டம்பர் 14, நடுவில் 11 நாள் நாட்காட்டியிலேயே கிடையாது. ஆகவே 1752-க்கு முந்தைய ஆங்கிலேயத் தேதி எது வந்தாலும் எந்தக் கணக்கு என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். அம்மாவின் தாளில் மேஃபிளவரே தேவையில்லை என்பது என் எண்ணம்.

நீங்கள் விரிவாக எழுத வேண்டியது மலேசியாவைப் பற்றித்தான். "மலேசியா உருவானது" என்று ஒரே வரியில் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அந்தத் தேதியே திட்டமிட்ட தேதி இல்லை. 1963 ஜூலை 9 அன்று லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஆகஸ்ட் 31 என்றுதான் இருந்தது, மலாயா சுதந்திரம் அடைந்த நாளிலேயே மலேசியாவும் பிறக்கட்டும் என்று. இந்தோனேசியாவும் பிலிப்பீன்ஸும் ஒப்புக்கொள்ளவில்லை. சரவாக், சபா மக்களுக்கு உண்மையில் விருப்பம் இருக்கிறதா என்று பார்க்க ஐக்கிய நாடுகளிலிருந்து ஒரு குழு வந்தது. அந்தக் குழு வேலையை முடிப்பதற்கு முன்பே, ஆகஸ்ட் 29 அன்று, புதிய தேதி செப்டம்பர் 16 என்று அறிவித்துவிட்டார்கள். மக்களில் பெரும்பாலோர் ஆதரிக்கிறார்கள் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் ஊ தாண்டின் அறிக்கை வந்தது செப்டம்பர் 14. அதற்கு இரண்டாம் நாள், செப்டம்பர் 16, மலேசியா பிறந்தது. மலேசியப் பிரகடனத்தை வாசித்தது மெர்டேக்கா அரங்கத்தில், 1957-ல் மெர்டேக்கா (சுதந்திரம்) என்று முழங்கிய அதே இடத்தில். செப்டம்பர் 16 அன்றே ஜகார்த்தாவில் பிரிட்டிஷ் தூதரகத்தின் மேல் கல் வீசினார்கள், இரண்டு நாள் கழித்து அதை எரித்தே விட்டார்கள்.

16 நாள் தள்ளிப்போகாமல் இருந்திருந்தால் உங்கள் அம்மாவின் பிறந்த நாள் சாதாரண நாளாகவே போயிருக்கும். அதைத் தாளில் எழுதுங்கள், அவருக்கு நிச்சயம் பிடிக்கும்.

இன்னொன்று, அதுவரை நம் கொடியில் 11 கோடுதான், மலேசியா ஆனபோதுதான் 14. சிங்கப்பூர் 1965-ல் பிரிந்த பிறகும் 14 அப்படியே நின்றது, பதினான்காவது கோடு மத்திய அரசைக் குறிக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 16 நாடு முழுக்கப் பொது விடுமுறை ஆனது 2010-ல்தான். அப்போது அம்மாவுக்கு 47 வயது. அதற்கு முன் எத்தனை பிறந்த நாள் விடியற்காலையில் பால்வாளியோடு போயிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள்.

கெப்போங் ரயில்காரன்:

வாத்தியார் ஐயா சொன்னதெல்லாம் சரி. லீ குவான் யூ மட்டும் எதற்கு? அவர் பக்கத்து நாட்டுத் தலைவர். நம் அம்மா ஒருவரின் பிறந்த நாளுக்கு அவர் வேண்டாம் என்று தோன்றுகிறது. நம் மலேசியத் தமிழர் தலைவர் துன் சம்பந்தன் பிறந்த நாளாக இருந்தால் போடலாம், அவர் ஜூன் 16.

ஜார்ஜ்டவுன் வாத்தியார்:

தம்பி, 1963 செப்டம்பர் 16 அன்று அவர் பக்கத்து நாட்டுக்காரர் இல்லை. சிங்கப்பூர் அன்றைக்கு மலேசியாவின் ஒரு மாநிலமாகச் சேர்ந்தது, 1965 ஆகஸ்ட் 9 வரை அப்படித்தான் இருந்தது. அவருக்கு அன்று சரியாக 40 வயது. உங்கள் மனத்தாங்கல் புரிகிறது, பிரிந்த விதம் இரண்டு பக்கமும் வலித்தது. அதற்காக அன்றைய நாளில் அவர் இல்லாதது போல எழுத முடியாது. ஒரு வரி போதும்.

பிரிக்பீல்ட்ஸ் பாட்டுப் பிரியை:

அக்கா, எம்.எஸ். அம்மாவை முதலில் போடுங்கள். எங்கள் வீட்டில் காலையில் அவர் குரலில் சுப்ரபாதம் கேட்டுத்தான் எழுந்தோம், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். பிறந்தது மதுரையில், 1916. 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார், 1998-ல் பாரத ரத்னா வாங்கினார், அந்த விருதைப் பெற்ற முதல் இசைக் கலைஞர் அவர்தான். மறைந்தது 2004 டிசம்பர் 11. அது பாரதியார் பிறந்த நாள் என்று முதன்முதலாகக் கவனித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

இன்னொன்று கவனித்தீர்களா? அண்ணா பிறந்தது செப்டம்பர் 15, எம்.எஸ். 16, பெரியார் 17. மூன்று நாள் வரிசையாக. நாத்திகம் பேசிய பெரியாருக்கும், கோயில் கோயிலாகப் பாடப்படும் கிருதிகளை உலகத்துக்குக் கொண்டுபோன எம்.எஸ்-க்கும் ஒரே ஒரு நாள்தான் இடைவெளி.

உங்கள் பட்டியலில் மரியா காலஸ் இருக்கிறார். அவரைப் போல ஓபரா பாடியவர்கள் கொஞ்சம் பேர்தான். 1977-ல் பாரிஸில் மறைந்தபோது 53 வயதுதான். அப்புறம் பி.பி. கிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 1925 செப்டம்பர் 16. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்த கறுப்பினப் பிள்ளை, சின்ன வயதில் பஞ்சு எடுத்தவர், பிறகு கிதாரோடு உலகம் முழுக்கப் பாடினார். பால்மரத் தோட்டத்தில் பிறந்த அம்மாவுக்கு அந்தக் கதை சொல்லாமலே புரியும். ஒரே தேதியில் இரண்டு பாடகர்கள் பிறந்திருக்கிறார்கள், ஒருவர் மறைந்திருக்கிறார், மூன்று பேரையும் ஓரிடத்தில் சேர்த்துப் போட்டால் தாளில் அந்த மூலையே தனியாக நிற்கும்.

செராஸ் ஏர்கோன்:

நான் ஏர்கோன் வேலை செய்கிறேன், 1987 ஓசோன் ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது மொண்ட்ரியால் நகரத்தில் கையெழுத்தானது, அதனால்தான் செப்டம்பர் 16-ஐ ஐக்கிய நாடுகள் ஓசோன் நாளாக வைத்திருக்கிறது. பழைய கார் ஏர்கோனிலும் ஐஸ் பெட்டியிலும் ஆர்-12 என்ற கேஸ்தான் போடுவார்கள், அது வெளியே கசிந்தால் மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்னும். ஒப்பந்தம் வந்த பிறகு காருக்கு ஆர்-134ஏ வந்தது. வீட்டு ஏர்கோனில் இருந்த ஆர்-22-ம் அதே ஒப்பந்தத்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. உலகத்தில் எல்லா நாடும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் இது, ஒரு நாடு பாக்கி இல்லை. ஓட்டை மெல்ல மூடி வருகிறது. துயரச் செய்திகளுக்கு நடுவில் மனிதர்கள் ஒன்றாகச் சேர்ந்து சரிசெய்த ஒரு விஷயம் இருக்கட்டும் அக்கா, விருந்து நடக்கும் அறையில் ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லலாம்.

கெப்போங் தாதி:

உங்கள் பட்டியலில் இல்லாத ஒருவரைச் சொல்ல வந்தேன். ரொனால்ட் ராஸ். மறைந்தது 1932 செப்டம்பர் 16, லண்டனில். மலேரியா கொசு கடித்துத்தான் பரவுகிறது என்று நிரூபித்த மருத்துவர். இந்தியாவில் அல்மோராவில் பிறந்தவர், மதராஸ் பக்கம் ராணுவ மருத்துவராக வேலை பார்த்தவர். சிக்கந்தராபாத்தில் ஹுசேன் கான் என்ற நோயாளிக்குக் கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா கொடுத்து, அந்தக் கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்து, 1897 ஆகஸ்ட் 20 அன்று கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902-ல் நோபல் பரிசு.

தோட்டத்து அம்மாவின் தாளில் இவர் ஏன் இருக்க வேண்டும் என்கிறேன் என்றால், நம் முன்னோர் கப்பலில் வந்து இறங்கி காட்டை வெட்டி ரப்பர் நட்ட காலத்தில் அவர்களை அதிகமாகக் கொண்டுபோனது இந்தக் குளிர்காய்ச்சல்தான். ராஸ் கண்டுபிடித்து நாலே வருடத்தில், 1901-ல், மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சதுப்பு நிலத்தை வடியவைத்து, புதரை வெட்டி, காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். உடனே எல்லா இடத்திலும் காட்டை வெட்டினால் போதும் என்று நினைத்தார்கள். மலைப்பாங்கான தோட்டங்களில் அது நேர்மாறாகப் போனது. சமவெளியில் காய்ச்சல் பரப்பும் கொசு நிழலான தண்ணீரில் முட்டையிடும், மலைப்பக்கத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும். மரத்தை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டிய கையே நோயை வரவழைத்தது, அந்தக் கை பெரும்பாலும் தமிழனின் கை. பிறகுதான் ஓடையை மண்ணுக்கு அடியில் குழாயில் விடுவது, தேங்கிய தண்ணீரில் எண்ணெய் அடிப்பது எல்லாம் வந்தது. வயதானவர்களைக் கேட்டால் எண்ணெய் அடித்ததும், தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கும் டிரெசர் வரிசையில் நிற்கவைத்துக் கொயினா என்ற காய்ச்சல் மருந்து கொடுத்ததும் இன்னும் சொல்வார்கள்.

இன்னொருவரும் அதே நாளில் மறைந்திருக்கிறார், ஃபாரன்ஹீட், 1736-ல் ஹேக் நகரத்தில். பாதரச வெப்பமானியைச் செய்தவர். காய்ச்சலை அளக்கக் கருவி கொடுத்தவரும், காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவரும் ஒரே தேதியில் போயிருக்கிறார்கள். நான் முப்பது வருடமாக வெப்பமானி பிடித்தவள், எனக்கே இது தாமதமாகத்தான் தெரியும்.

துயரச் செய்தியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாப்ரா, ஷாத்திலாவைத் தாளில் போடாமல் விடுவதால் அங்கே இறந்தவர்களுக்கு நாம் மரியாதை குறைத்ததாக ஆகாது. அதை அதற்குரிய நாளில், அதற்குரிய இடத்தில் பேசலாம். சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் வேண்டாம்.

ஆயர் ஈத்தாம் பெரியவர்:

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கட்டுமா மகளே, அம்மா உண்மையிலேயே 16-ஆம் தேதிதான் பிறந்தாரா?

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அடையாள அட்டையில் மார்ச் என்று இருக்கிறது. என் தாயார் சாகும்வரை சொன்னது, நான் தைப்பூசத்துக்கு மறுநாள் பிறந்தேன் என்று. மார்ச்சில் எப்படித் தைப்பூசம் வரும்? எங்கள் தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொல்ல வேண்டும், அவர் டவுனுக்குப் போகும்போது சேர்த்துப் பதிந்துவிட்டு வருவார். வரும்வரை யாரும் தேதியை எழுதி வைக்க மாட்டார்கள், மாதமும் நட்சத்திரமும்தான் மனதில் இருக்கும். பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், பிறந்த தேதி ஒரு கட்டத்திலும் பதிவு செய்த தேதி இன்னொரு கட்டத்திலும் இருக்கும். இரண்டுக்கும் எத்தனை நாள் வித்தியாசம் என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

பெரிய மனிதர்களுக்கே இது நடந்திருக்கிறது. பாரதியார் மறைந்தது செப்டம்பர் 11 என்றும் சொல்கிறார்கள், 12 என்றும் சொல்கிறார்கள். நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்ததால் வந்தது அந்த வேறுபாடு. நம் வழக்கத்தில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள்.

செந்தூல் மகள்:

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன், கேட்பதா வேண்டாமா என்று. ஆச்சரியமாகக் கொடுக்க நினைத்த தாள் என்றாலும் நேற்று இரவு அம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

பத்திரத்தில் பிறந்த தேதி 16, பதிவு செய்தது 30. பாட்டி எப்போதும் சொல்வாராம், "ராத்திரி நீ, விடிஞ்சா மலேசியா." விடியற்காலையில் வேலைக்கு ஆட்களைக் கூப்பிடும் பெரட்டு மணி அடிப்பதற்கு முன்னால் பிறந்தார் என்பது மட்டும்தான் நிச்சயம், தோட்டத்து லயத்து வீடுகளில் கடிகாரம் இல்லை. 15 இரவா, 16 விடியற்காலையா என்று பாட்டிக்கே தெரியாது, பாட்டி கணக்கில் இரண்டும் ஒன்றுதான். காலையில் கிராணி வீட்டு ரேடியோவைச் சுற்றி ஆட்கள் நின்றதும், யாரோ ஓடிவந்து "நாடு பொறந்துடுச்சு, இங்கயும் பொறந்துடுச்சு" என்று சொன்னதும் பாட்டிக்கு நன்றாக நினைவிருந்ததாம். அம்மா அதைச் சொல்லும்போது கண் கலங்கியது. அட்டையில் இருப்பதே இருக்கட்டும் என்றார். நானும் 16 என்றே போடுகிறேன், பாட்டி சொன்ன அந்த நாலு வார்த்தையைத் தலைப்புக்குக் கீழே பெரிய எழுத்தில் வைக்கிறேன்.

விடுமுறையைப் பற்றி வாத்தியார் ஐயா கேட்கச் சொன்னதையும் கேட்டேன். ஒரு வருடம் பிறந்த நாள் அன்று மழை பெய்து வெட்டு இல்லாமல் போனதாம், அன்றைக்குச் சம்பளம் இல்லை, ஆனால் வீட்டில் பாயசம் வைத்தார்களாம். அந்த ஒரு வருடம்தான் நினைவிருக்கிறது என்றார்.

நான் எழுதி வைத்திருந்த முதல் பிரதியைக் கொடுத்தேன். எம்.எஸ். அம்மா வரியைப் படித்துச் சிரித்தார். பி.பி. கிங் கதையை இரண்டு தடவை படித்தார், அவர் பாட்டு ஒன்றைப் போடு, கேட்போம் என்றார். ராஸ் வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். பாட்டிக்கு மேலே இரண்டு அண்ணன்கள் இருந்தார்களாம், ஜப்பான்காரன் காலத்தில் கொயினா கிடைக்காமல் ஒரே மாதத்தில் இரண்டு பேரும் குளிர்காய்ச்சலில் போய்விட்டார்கள். இவ்வளவு வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இரண்டு பேர் பெயரையும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

எந்தத் தேதியில் இறந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, தோட்டத்தில் எங்கே புதைத்தார்கள் என்பதும் தெரியாது, அந்த இடம் இப்போது வீடமைப்புப் பகுதி. "இதே நாளில்" என்ற தலைப்புக்கு அவர்கள் பெயர் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ராஸ் பெயருக்குக் கீழே, தேதி போடாமல், இரண்டு பெயரையும் வைக்கிறேன். அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

லீ குவான் யூ ஒரு வரி உண்டு, ரயில்காரன் அண்ணன் மன்னிக்கவும். ஓசோனும் உண்டு. மேஃபிளவர் இல்லை, சாப்ராவும் இல்லை. வெள்ளிக்கிழமை அச்சுக் கடையில் கொடுக்க வேண்டும். வாத்தியார் ஐயா, அதற்குள் எழுத்துப் பிழை மட்டும் பார்த்துத் தர முடியுமா?

ஜார்ஜ்டவுன் வாத்தியார்:

அனுப்புங்கள் மகளே, இன்றைக்கே பார்த்துவிடுகிறேன். அந்த இரண்டு பெயரையும் அம்மா எப்படி உச்சரித்தாரோ அப்படியே எழுதி அனுப்புங்கள், நான் அதில் கை வைக்க மாட்டேன்.